தூக்கிலேறிய படமும் இரும்பு முகமும்: எம்.எஃப். டூம் வாழ்வும் இசையும்



நம் மன்றம் ஆண்டுதோறும் நடத்தும் இந்த நினைவுச் சொற்பொழிவில் இதுவரை நம் மண்ணின் முன்னோடிகளைப் பற்றியே பேசிவந்திருக்கிறோம். இந்த ஆண்டு ஒரு கறுப்பின ராப் பாடகரைப் பேசுபொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதிலும் பெருநிறுவனங்கள் கொண்டாடிய நட்சத்திரத்தை எடுக்கவில்லை. கலை வாழ்வின் பெரும்பகுதியை முகமூடிக்குள் கழித்து, சிறு இசைத்தட்டு நிறுவனங்களின் வழியாகவே உலகைச் சென்றடைந்த ஒருவரை எடுத்திருக்கிறோம். டேனியல் டூமிலே என்பது அவர் பெயர். உலகம் அவரை எம்.எஃப். டூம் என்று அறியும்.

இவருக்கும் நமக்கும் என்ன என்று மூத்த தோழர்கள் சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கு ஒரு பழைய விடை உண்டு. ஜோதிராவ் ஃபுலே 1873-ல் வெளியிட்ட 'குலாம்கிரி'யை அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குக் காணிக்கையாக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1946-ல் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையின் முன் வைத்த மனுவின் படியைக் கேட்டார். டு போய்ஸும் மதிப்போடு பதில் எழுதினார். 1966-ல் ஓக்லண்டில் தோன்றிய பிளாக் பாந்தர் கட்சியின் பெயரை 1972-ல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேயும் எடுத்துக்கொண்டு தலித் பாந்தர்கள் ஆனார்கள். நம் ஊரில் 'சிறுத்தை' அரசியல் சொல்லானதும் அந்த வழியில்தான்.

புதிய விடையும் ஒன்று இருக்கிறது. நம் விடுதிகளில் ராப் எழுதிப் பாடும் மாணவர்கள் இன்று பலர். சென்ற ஆண்டு மன்றத்துக்கு வந்த சில இளைஞர்கள், தாங்கள் எழுதிப் பாடியது தங்கள் பெயர் இல்லாமலேயே வெளிவந்துவிட்டது என்றார்கள். கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று கேட்டோம். படிக்கவில்லை என்றார்கள். அன்று அவர்களுக்கு நாங்கள் ஆறுதல் சொன்னோம். வழி சொல்ல முடியவில்லை. இந்த உரை அந்த நாளின் கடன்.

1. அண்ணனும் தம்பியும்

ஹிப்ஹாப் பிறந்த இடத்துக்கு முகவரி உண்டு. நியூயார்க் பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ, எண் 1520. அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் 1973 ஆகஸ்ட் 11 அன்று ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன் தங்கையின் கொண்டாட்டத்துக்காக இசைத்தட்டுகளைச் சுழற்றினான். அவன்தான் பின்னாளில் கூல் ஹெர்க். பாட்டில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி ஓட்டி அவன் நீட்டினான். குடியிருப்புகளைப் பிளந்து நெடுஞ்சாலை போட்ட, வேலையும் வசதியும் வெளியேறிவிட்ட பகுதி அது. வாத்தியம் வாங்க வழியில்லாதவர்கள் இசைத்தட்டையே வாத்தியமாக்கினார்கள்.

டூமிலே 1971-ல் இலண்டனில் பிறந்தவர். தாய் டிரினிடாட் நாட்டவர். தந்தை ஜிம்பாப்வே நாட்டவர். சிறு குழந்தையாகவே அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வளர்ந்தார். பிறந்த ஊர் இலண்டன் என்ற இந்தச் சிறு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போடும்.

அவருக்கு ஒரு தம்பி, பெயர் டிங்கிலிஸ்வே. சுவரோவியம், நடனம், பாட்டு என்று அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வளர்ந்தார்கள். கே.எம்.டி. என்ற குழுவை உருவாக்கினார்கள். அண்ணன் தன்னை ஜெவ் லவ் எக்ஸ் என்று அழைத்துக்கொண்டார், தம்பி டி.ஜே. சப்ராக். 1989-ல் தேர்ட் பேஸ் என்ற குழுவின் பாட்டொன்றில் அண்ணனின் குரல் முதன்முதலாகப் பரவலாகக் கேட்கப்பட்டது. எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனம் குழுவை ஒப்பந்தம் செய்தது. 1991-ல் 'மிஸ்டர் ஹூட்' என்ற முதல் தொகுப்பு வந்தது.

1991 நமக்கும் முக்கியமான ஆண்டு. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் இலக்கியம் தன் பெயரோடு எழுந்து நின்ற காலம் அது. அடுத்த ஆண்டில் பாமாவின் 'கருக்கு' வந்தது. நாம் இங்கே நம் மொழியில் எழுதத் தொடங்கிய அதே நாட்களில் இருபது வயதுச் சகோதரர்கள் அங்கே ஒரு படத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2. கொடைக்கானலிலிருந்து வந்த இரயில்

அந்தப் படத்தின் பெயர் சாம்போ. தடித்த உதடு, பிதுங்கிய கண், எப்போதும் இளிக்கும் வாய். கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக்க வெள்ளையர் வரைந்து பழகிய முகம். 1830-கள் தொட்டு அமெரிக்க மேடைகளில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப் போல ஆடிக்காட்டிக் காசு பார்த்தார்கள். ஒதுக்கல் சட்டங்களுக்கு வழங்கிய ஜிம் குரோ என்ற பெயரே அப்படி ஒரு மேடைப் பாத்திரத்தின் பெயர்தான். முதலில் முகமூடி போட்டவர்கள் வெள்ளையர்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

சாம்போ என்ற வசைச்சொல் பழையது. அதை உலகக் குழந்தைகளின் நாவில் ஏற்றியது 1899-ல் வெளிவந்த 'லிட்டில் பிளாக் சாம்போ' என்ற படக்கதை. எழுதியவர் ஹெலன் பானர்மேன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி. அவர் எங்கே வாழ்ந்தார் தெரியுமா? நம் சென்னை மாகாணத்தில். கணவர் ஆங்கிலேய அரசின் மருத்துவ அதிகாரி. கொடைக்கானலில் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பிய இரயில் பயணத்தில் அக்கதையை எழுதினார் என்று சொல்வார்கள். கதையில் புலிகள் ஒன்றையொன்று துரத்திச் சுற்றிச் சுற்றி நெய்யாக உருகுகின்றன. நெய் என்ற நம் வீட்டுப் பொருளே அக்கதையின் ஊரைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் அது மறுபடி மறுபடி அச்சானபோது ஓவியர்கள் அந்தச் சிறுவனுக்கு மேடைக் கேலியின் முகத்தைப் பொருத்தினார்கள். 1957-ல் சாம்போ என்ற பெயரில் உணவகத் தொடரே அங்கே தொடங்கியது.

ஆக, கறுப்பினக் குழந்தையைப் பள்ளியில் அழவைத்த அந்தப் பெயரின் பயணத்தில் நம் மண்ணின் இரயில் பாதையும் ஒரு துண்டு. காலனியம் ஓரிடத்தின் கறுப்பை எடுத்து இன்னோரிடத்தின் கறுப்பை இழிவுசெய்யப் பயன்படுத்திக்கொண்டது.

கே.எம்.டி. குழு தன் சின்னமாக அந்தச் சாம்போ முகத்தின்மேல் தடைக்கோடு போட்டு வைத்துக்கொண்டது. முதல் தொகுப்பிலேயே, அந்தச் சித்திரம் தாங்கள் இல்லை என்று வாதாடும் பாட்டு இருக்கிறது. இளமையின் சிரிப்போடு வாதாடினார்கள். சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை.

3. ஓராண்டுக்குள் இரண்டு இழப்பு

1993 ஏப்ரலில், இரண்டாம் தொகுப்பின் வேலை முடியும் தறுவாயில், விரைவுச்சாலை ஒன்றைக் கடக்கும்போது கார் மோதித் தம்பி இறந்துபோனார். பத்தொன்பது இருபது வயது. அண்ணன் மீதி வேலையைத் தனியாக முடித்தார். தொகுப்பின் பெயர் 'பிளாக் பாஸ்டர்ட்ஸ்'. அட்டைப்படத்தை அவரே வரைந்தார். பள்ளிப் பிள்ளைகள் ஆடும் தூக்குமர விளையாட்டின் பாணியில், சாம்போ உருவம் தூக்கில் தொங்குகிறது.

படத்தின் பொருள் தெளிவானது. இழிவுபடுத்தும் சித்திரத்தைத் தூக்கிலிட்டுக் கொல்கிறார் ஓவியர். ஆனால் 1994-ல் இசை வணிக இதழான பில்போர்டின் பத்தி ஒன்று அந்த அட்டையைக் கண்டித்தது. கறுப்பின மக்களைக் கொத்துக் கொத்தாக மரத்தில் தொங்கவிட்ட நாட்டில் தொங்கும் உருவம் என்ன காயத்தைக் கீறும் என்பது விளங்காத செய்தி இல்லை. அந்த அதிர்ச்சியை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் அடுத்து நடந்ததற்குக் காரணம் அந்தக் காயத்தின் மீதான அக்கறை என்று நம்புவது கடினம்.

எலெக்ட்ரா அப்போது டைம் வார்னர் என்ற பெருங்குழுமத்தின் கிளை. 1992-ல் அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனம் வெளியிட்ட, காவலரைக் குறிவைத்த ஒரு பாட்டுக்காகக் காவலர் அமைப்புகள் குழுமத்தையே புறக்கணிக்க அறைகூவல் விடுத்தன. ஐஸ்-டி அந்தப் பாட்டைத் திரும்பப் பெற்றார். பிறகு நிறுவனத்தை விட்டும் விலகினார். அந்தச் சூடு ஆறாத வேளையில் இன்னொரு சர்ச்சையைக் குழுமம் விரும்பவில்லை. அட்டைப்படத்தை மாற்றிக்கொடுக்கிறோம் என்றாலும் கேட்பாரில்லை. தொகுப்பு நிறுத்தப்பட்டது. குழு வெளியேற்றப்பட்டது.

இனவெறியைக் கண்டித்து வரைந்த படத்துக்கு இனவெறிப் படம் என்று பெயர் வைத்து, வரைந்த கறுப்பின இளைஞனையே தண்டித்தார்கள். இந்த ஏற்பாடு நமக்கு அந்நியமானதா? சாதியைச் சுட்டிக்காட்டுகிறவனைச் சாதி வெறியன் என்கிற குரலை நாம் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! சேரியின் மொழியை எழுதினால் ஆபாசம் என்றவர்களை எத்தனை மதிப்புரைகளில் படித்திருக்கிறோம்!

இந்தத் தோல்வியில் ஒரு செய்தி புதைந்திருக்கிறது. வெளியேறும்போது மூல ஒலிநாடாக்களின் உரிமை டூமிலேயிடம் வந்தது. அன்று அதற்குச் சந்தை மதிப்பு ஏதுமில்லை. தம்பியின் கடைசி உழைப்பு அதில் இருந்தது என்பதே அவருக்கு மதிப்பு. புத்தாயிரம் பிறந்த பிறகு அந்தத் தொகுப்பு முறையாக வெளிவர முடிந்ததற்கு அந்த உரிமையே காரணம்.

4. காலுறைக்குள் ஒரு முகம்

அடுத்த மூன்று ஆண்டுகளைப் பற்றி அவரே பின்னாளில் சொன்னது, ஏறக்குறைய வீடற்றவராக மன்ஹாட்டன் தெருக்களில் நடந்தார், பூங்கா இருக்கைகளில் தூங்கினார் என்பதுதான்.

1997 வாக்கில் நியூயோரிக்கன் கவிஞர் கஃபேயின் திறந்த மேடையில் ஒருவர் வந்து நின்றார். பெண்கள் அணியும் மெல்லிய காலுறையைத் தலை வழியாக இழுத்து முகத்தை மூடியிருந்தார். அந்தக் கஃபே 1970-களில் போர்ட்டோ ரீக்கோ வம்சாவளிக் கவிஞர்கள் தங்களுக்கென உருவாக்கிக்கொண்ட இடம். பல்கலைக்கழகமும் பதிப்பகமும் ஏற்காத கலப்பு மொழியில் எழுதியவர்களின் மேடை. நம் இலக்கிய மன்றங்களைப் போன்ற ஓரிடம் என்று சொன்னால் மிகையில்லை. பெருநிறுவனம் தள்ளிவிட்டவரை இப்படி ஒரு மேடைதான் திரும்ப ஏற்றுக்கொண்டது.

அவரது புதிய பாட்டுகளை முதலில் தட்டாக வெளியிட்டவர் பாபிட்டோ கார்சியா. கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் பின்னிரவில் ஒப்பந்தமில்லாத பாடகர்களை ஒலிபரப்பிவந்தவர். ஃபாண்டில் எம் என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார். அண்டர்கிரவுண்ட் ராப் என்பது இதுதான். குற்ற உலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளம்பரம் இல்லாமல், குறைந்த படிகள் அச்சிட்டு, கையிலிருந்து கைக்குப் போகும் இசை. நமக்குப் புரியும் சொல்லில் சொன்னால் அது இசையின் சிற்றிதழ் இயக்கம். 1999-ல் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே' அந்த வழியில் வெளிவந்தது.

காலுறை பின்னர் உலோக முகமூடியானது. 'கிளாடியேட்டர்' படத்துக்காக விற்கப்பட்ட தலைக்கவச நகலைச் சுவரோவியக் கலைஞர் ஒருவர் திருத்திக்கொடுத்தார். எம்.எஃப். என்பதன் விரிவு இரும்பு முகம். டூம் என்பது அவருடைய குடும்பப் பெயரின் ஒலியும் ஆகும். 1962-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த காமிக்ஸ் வில்லன் டாக்டர் டூமின் பெயரும் ஆகும். அந்த வில்லனின் கதையைக் கவனியுங்கள். அவன் ஐரோப்பாவின் ரோமா குடியில் பிறந்தவன்; ஆள்வோரின் கொடுமையில் தாய் தந்தையை இழந்தவன். ரோமா மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போய், இன்றுவரை ஐரோப்பாவில் தீண்டத்தகாதவராய் நடத்தப்படுகிறவர்கள். நாயகனாக நடிக்க யாரும் இடம் தராத ஒருவர் வில்லனின் இடத்தைத் தேர்ந்துகொண்டார். நம் நாட்டார் கதைகளில் அசுரனென்றும் அரக்கனென்றும் சொல்லப்பட்டவர்களை ஃபுலே நம் அரசர்களாகப் படித்துக்காட்டியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

5. வேலைமுறை

டூமின் வாழ்க்கையை மட்டும் பேசி உழைப்பைப் பேசாமல் விட்டால் அது அநீதி. தலித் கலைஞரைப் பற்றி எழுதுகிறவர்கள் துயரத்தை மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோவதை நாம் நன்கு அறிவோம்.

அவர் பாட்டைக் கேட்கும் தமிழ்க் காது முதலில் உணர்வது எதுகையைத்தான். அடியின் கடைசிச் சொல் மட்டும் ஒலிக்க ஒத்துப்போவது சாதாரண ராப். டூம் ஓர் அடிக்குள் நான்கைந்து அசைகளைக் கோத்து, அதே ஓசை வரிசையை அடுத்த அடியின் நடுவிலும் கடையிலும் திரும்பக் கொண்டுவருவார். மோனையும் இயைபும் கலந்த அந்தப் பின்னலை அவசரமில்லாத, சற்றுத் தூக்கக் கலக்கமான குரலில் சொல்வார். எங்கே முடியும் என்று நாம் எதிர்பார்க்கும் சொல்லை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டுவிடுவார். கேட்பவர் தாமே அதை நிரப்பிச் சிரிப்பார்.

தாளத்தையும் அவரே அமைத்தார். அப்போது அவர் பெயர் மெட்டல் ஃபிங்கர்ஸ். பழைய காதல் பாட்டுகள், குழந்தைகளின் கார்ட்டூன் ஒலிகள், மலிவான படங்களின் வசனங்கள் எல்லாம் அவர் கையில் மூலப்பொருள். 2001 முதல் 'ஸ்பெஷல் ஹெர்ப்ஸ்' என்ற வரிசையில் குரலில்லாத தாளங்களை வெளியிட்டார். அவற்றில் ஒன்றின் பெயர் வெந்தயம், இன்னொன்று கொத்தமல்லி. 2003-ல் விக்டர் வான் என்ற பெயரில் ஒரு தொகுப்பு, கிங் கீடோரா என்ற பெயரில் இன்னொன்று. 2004-ல் தன் பெயரின் எழுத்துகளையே கலைத்துப்போட்டு 'எம்.எம்..ஃபுட்' என்று உணவை வைத்து ஒரு தொகுப்பு.

அதே 2004 மார்ச்சில் வந்ததுதான் மேட்லிப் என்ற கலைஞரோடு சேர்ந்து செய்த 'மேட்வில்லனி'. இரண்டாண்டுக்கு முன் மேட்லிப் பிரேசில் போயிருந்தபோது விடுதி அறையில் சிறு கருவிகளை வைத்தே பல தாளங்களை உருவாக்கினார். முற்றுப்பெறாத பதிவு ஓராண்டுக்கு முன்பே வெளியே கசிந்துவிட்டது. இருவரும் சோர்ந்துபோனார்கள். பிறகு டூம் தன் பகுதிகளை இன்னும் தாழ்ந்த, நிதானமான குரலில் திரும்பப் பதிவு செய்தார். இருபத்திரண்டு துண்டுகள், மொத்தம் நாற்பத்தாறு நிமிடம். வழக்கமான பல்லவிகள் ஏறக்குறைய இல்லை. ஸ்டோன்ஸ் த்ரோ என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. இன்று ஹிப்ஹாப்பின் சிறந்த தொகுப்புகளை யார் பட்டியலிட்டாலும் அதை விட்டுவிட முடிவதில்லை.

தன் பெயரை எழுதும்போது எல்லாமே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று பாட்டிலேயே வற்புறுத்தினார். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆனால் பெயரைச் சுருக்கி அழைப்பதும், பெயருக்குப் பின்னால் விகுதியை வெட்டுவதும் என்ன அரசியல் என்று நம் தாத்தாக்களைப் பெயர்சொல்லி அழைத்த தெருக்கள் அறியும்.

6. முகத்தை மறைப்பது நம் அரசியலா?

இங்கே தோழர்கள் எழுப்பிய முக்கியமான எதிர்வாதத்துக்கு வருவோம். நம் முகத்தைக் காட்டத்தானே நூற்றாண்டுக் காலம் போராடினோம்? திருநெல்வேலிப் பகுதியில் புதிரை வண்ணார்கள் பகலில் பிறர் கண்ணில் படவே கூடாது என்றிருந்த கொடுமை 1932-ல் நாளிதழில் பதிவாகி, அம்பேத்கரின் எழுத்திலும் இடம்பெற்றது. தீண்டாமைக்கும் மேலே காணாமை என்று ஒன்று இருந்த நாடு இது. அப்படியிருக்க, முகத்தை மூடிக்கொள்ளும் கலைஞரை நாம் எப்படிக் கொண்டாடுவது?

எளிதாக ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. நம் விடை இப்படிப் போகிறது. காணாமையில் முகத்தை மூடச் சொன்னவன் வேறொருவன். மூடியவருக்கு அதில் தேர்வில்லை, திறந்தால் அடி. டூமின் முகமூடி அவரே போட்டது, அவரே கழற்றக்கூடியது. கறுப்பினக் கலைஞரின் உடலும் நகையும் முகமும் விற்பனைப் பொருளாகிவிட்ட சந்தையில், விற்க முகம் தரமாட்டேன், சொல்லைக் கேள் என்றார் அவர். சாம்போவாக முகத்தை எழுதிய சமூகத்துக்கு அவர் எழுத முடியாத முகம் ஒன்றைக் காட்டினார். ஃபனான் 1952-ல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில் எழுதியது கறுப்பர்மேல் ஏற்றப்பட்ட முகமூடியைப் பற்றி. டூமுடையது அதன் எதிர்த்திசை.

நம் மரபிலும் தேர்ந்துகொண்ட பெயர்கள் உண்டு. காத்தவராயன் என்ற இளைஞர் தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். பாமா என்பதும் புனைபெயர்தான். பெயரை மறைத்தது ஒளிந்துகொள்ள மட்டுமா? எழுதுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

ஆனாலும் முகமூடி எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிடாது. 2007 முதல் சில நிகழ்ச்சிகளில் டூமுக்குப் பதில் வேறொருவர் முகமூடி அணிந்து வந்து வாயசைத்துவிட்டுப் போனார். சீட்டு வாங்கிய மக்கள் கோபத்தில் கத்தினார்கள். 2009-ல் டா-நெஹிசி கோட்ஸ் கேட்டபோது, தான் எழுத்தாளரும் இயக்குநரும் என்றும், பாத்திரத்தில் யாரை நிறுத்துவது என்பது தன் முடிவு என்றும் டூம் விளக்கினார். கருத்தாக இது சுவையானது. உழைத்த காசில் சீட்டு வாங்கிய பையனுக்கு அது பதிலாகாது. அதே 2009-ல் வந்த 'பார்ன் லைக் திஸ்' தொகுப்பில் தன்பால் ஈர்ப்புள்ளவர்களைக் கேலி செய்யும் பாட்டு ஒன்றும் உண்டு. கேலிச்சித்திரத்தைத் தூக்கிலேற்றிய கை, இன்னொரு ஒடுக்கப்பட்ட கூட்டத்தைக் கேலிச்சித்திரமாக்கியது. இதை நாம் மறைக்கப்போவதில்லை. நம் பாட்டுகளில் பெண்களும் திருநர்களும் எப்படி வருகிறார்கள் என்று இங்கே உள்ள இளம் பாடகர்கள் வீட்டுக்குப் போய் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

7. தாள் இல்லாத மனிதர்

2010-ல் ஐரோப்பியப் பயணம் முடித்து வீடு திரும்பிய டூமை அமெரிக்கா உள்ளே விடவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே வாழ்ந்தவர். அங்கே பள்ளிக்குப் போனவர். தம்பியை அங்கே புதைத்தவர். மனைவியும் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். ஆனால் குடியுரிமைத் தாள் இல்லை. பிறந்தது இலண்டன். பாட்டில் எத்தனை முகம் வேண்டுமானாலும் போடலாம். எல்லைச்சாவடியில் தாளில் உள்ள முகம் ஒன்றுதான்.

பிறந்த ஊரில் அந்நியராக அவர் மறுபடி வாழத் தொடங்கினார். பிறகே குடும்பம் அங்கு போய்ச் சேர்ந்தது. 2012-ல் ஜனீரோ ஜாரெல் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து இலண்டனை மையமாக்கி ஒரு தொகுப்பு செய்தார். 2017 டிசம்பரில் பதினான்கு வயது மகன் இறந்தான். 2020 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவமனையில் டூம் இறந்தார். வயது நாற்பத்தொன்பது. இரத்த அழுத்தத்துக்காகப் புதிதாக எடுத்த மருந்தின் எதிர்விளைவே காரணம் என்று 2023-ல் நடந்த மரண விசாரணையில் தெரியவந்தது. சிகிச்சையின் குறைபாட்டுக்காக மருத்துவமனை நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது. மனைவி அந்தச் சாவை உலகத்துக்குச் சொன்னது டிசம்பர் 31 அன்று. இரண்டு மாதம் உலகம் அவர் உயிரோடிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

நாடு திரும்ப முடியாதபோது அவர் விட்டுவந்த பொருள்களில் பாட்டெழுதிய குறிப்பேடுகளும் இருந்தன. முப்பத்தொரு குறிப்பேடுகள் பிறர் கைக்குப் போயின. அவற்றைத் திரும்பக் கேட்டு மனைவி 2023-ல் வழக்குத் தொடர்ந்தார். வழக்கு சமரசத்தில் முடிந்து, குறிப்பேடுகள் குடும்பத்துக்குத் திரும்பின.

8. நம் கையில் உள்ள வேலை

2018 ஜனவரியில் சென்னையில் கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற பெயரில் ஒலித்தபோது, அந்தத் திடலில் நின்ற நமக்கு நம் தெருவின் தாளம் முதன்முதலாக நிமிர்ந்து நடப்பதுபோல் இருந்தது. அதன் பிறகு எழுந்த இளைஞர்கள் ஏராளம். அவர்களிடம் இந்த நினைவு நாளில் நாம் கேட்டுக்கொள்வது பெரிய கொள்கை விளக்கம் எதுவும் இல்லை.

கையெழுத்திடும் தாளைப் படியுங்கள். புரியாவிட்டால் நம் வழக்கறிஞர் தோழர்களிடம் கொண்டுவாருங்கள். மூலப்பதிவு யாருக்குச் சொந்தம், எத்தனை ஆண்டுக்கு, பெயர் எங்கே வரும் என்ற மூன்று கேள்விகளையாவது கேளுங்கள். எல்லாம் இழந்து தெருவில் நின்ற நாளில் டூமின் கையில் மிஞ்சியது தம்பியோடு செய்த பதிவின் உரிமைதான்.

பாட்டெழுதும் நோட்டைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எழுதிய தேதியைப் போடுங்கள். நம் ஊர்களில் பறை அடித்த, ஒப்பாரி கட்டிய, தெருக்கூத்தில் ஆடிய எத்தனையோ பேரின் பெயர்கூட இன்று நம்மிடம் இல்லை. அவர்கள் யாரும் முகமூடி போட்டிருக்கவில்லை. நாம் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த உரை அச்சாகும்போது கடைசிப் பக்கத்தில் சில வெற்று வரிகள் விடச் சொல்லியிருக்கிறோம். உங்கள் தெருவில் பாடியவர் ஒருவரின் பெயரையும், ஊரையும், அவர் எதை வாசித்தார் என்பதையும் அதில் எழுதி மன்றத்துக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தப் பெயர்களை வாசித்துவிட்டுத்தான் சொற்பொழிவைத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.